எங்களுக்கு விழிப்பு இல்லையாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல செடி நோய்க்குக் கிருமி மருந்துன்னு வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, கடைசி வரி வரைக்கும். "தோட்டப்புற மக்களிடம் இது குறித்த விழிப்புணர்வு இல்லை"ன்னு முடிச்சிருக்கீங்க. விடியக்காலை அஞ்சு மணிக்குப் பெரட்டுல, அதான் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்துல, நின்ன எங்களுக்கு விழிப்பு இல்லையாம். சரிங்க ஐயா.

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துல 22 வருஷம் மருந்தடிச்சவ. எண்ணெய் எடுக்குற செம்பனையில மூணு நாலு குருத்து விரியாம ஈட்டி மாதிரி நின்னா தூரை அழுக வைக்கிற கானோடெர்மா பூஞ்சை ஏறிருக்கும்னு எங்களுக்குச் சந்தேகம் வந்துரும், தட்டுத் தட்டா காளான் வெளிய வர்றதுக்கு முன்னாடியே மண்டோர்கிட்ட, அதான் மேஸ்திரிகிட்ட சொல்லுவோம், "நீ மருந்துத் தோம்பைத் தூக்கு"ன்னுவாரு. அந்தத் தோம்புல இருந்தது களைக்கு அடிக்கிற பாராகுவாட். 2002ல அரசாங்கத்துல அத நிறுத்தப் போறோம்னாங்க, 2006ல மறுபடி விட்டாங்க, 2020 ஜனவரிலதான் ஒரேடியா தடை. என் கையில ரெண்டு நகம் இன்னும் நேரா வளரல. அதப் பத்தி அப்பவே உங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதிப் போட்டேன், நாலு வரி போட்டீங்க, பேரு தப்பு.

கட்டுரைக்கு வர்றேன். நீங்க எழுதுன கசுகாமைசின், ஜப்பான்காரங்க 1965லயே மண்ணுல இருந்த கிருமி சுரக்குற சாறைப் பிரிச்சு நெல் குலைநோய்க்குக் கொண்டு வந்தது, அதுக்கு உயிர் கிடையாது. டிரைக்கோடெர்மா அப்படியா, அதுவே நோய்ப் பூஞ்சைய அடக்குற ஒரு பூஞ்சை, பாக்கெட்டுக்குள்ள உயிரோட தூங்குது. இது உங்களுக்குத் தெரியாததா? ரெண்டையும் ஒரே பத்தியில போட்டு "கிருமி மருந்து"ன்னுட்டீங்க.

என் கதை அங்கதான். 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) டிரைக்கோடெர்மா வாங்குனேன், கடைக்காரர் வெயில்லதான் அடுக்கி வச்சிருந்தாரு, "எல்லாத்தையும் ஒரே வாளியில கலந்து ஊத்துங்க ஆன்ட்டி"ன்னாரு, பூஞ்சை மருந்தையும் சேர்த்துக் கலந்தேன், 40 மொளகா நாத்தும் அடித்தண்டு அழுகிச் சாஞ்சிருச்சு. பாக்கெட்டுல மலாய் இருக்கு, சீனம் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு, நம்மளுது இல்ல. பேரன் போன்ல பாத்துட்டு சொல்றான், பாட்டி நீங்க சேர்த்த பூஞ்சை மருந்து இந்த நல்ல பூஞ்சையையும் சேர்த்து கொன்னுருச்சுன்னு. அடுத்த தடவை வேற பாக்கெட் வாங்கி, மக்குன சாணியில பெசஞ்சு, ஈரச்சாக்கு மூடி ஒரு வாரம் நெழல்ல வச்சுப் போட்டேன், 34 நாத்து நின்னுச்சு. சொன்னா செய்யத் தெரியும் ஐயா, சொல்றதுக்குத்தான் ஆள் இல்ல. ராசிபலனுக்கு மட்டும் உங்களுக்கு முழுப் பக்கம் கெடைக்குது.

பெருசா ஒண்ணும் கேக்கல. எத எதோட கலக்கக்கூடாது, காலாவதி தேதி பாக்கெட்டுல எங்க இருக்கும், இத மட்டும் வர்ற ஞாயிறு ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. கட்டுரையோட வந்த மருந்து அளவு அட்டவணையையும் திரும்பப் போடுங்க, பச்சைக் கலர் மேல பச்சை எழுத்துல அடிச்சிருந்தீங்க, கண்ணாடி போட்டும் தெரியல.

இப்படிக்கு,
மருந்தடிச்ச ஒருத்தி,
சுங்கை சிப்புட்.

(இந்தத் தடவையும் பேர தப்பா போடுவீங்கன்னுதான் எழுதல.)