தார்ப்பாய் கொட்டகைக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் முயல் வளர்ப்போர் பலர், பனி தொடங்கியதும் கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுகிறார்கள். வளர்ந்த முயல் இந்தக் குளிரைத் தாங்கும். அதற்கு ஆகாதது சமவெளிக் கோடைதான். மூடிய கொட்டகையிலோ சிறுநீரின் அம்மோனியா நெடி தேங்கி, தும்மலும் மூக்கொழுகலும் கூண்டுக்குக் கூண்டு பரவும். சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, கூரையடியில் காற்றுப் போக வழி விட்டால் போதும்.

குளிரில் சாவது குட்டிகள்தான். உடம்பில் உரோமமே இல்லாமல் பிறக்கின்றன. சினைக்காலம் சுமார் 31 நாள். 28-ஆம் நாள், தாய் ஈனுவதற்கான குட்டிப் பெட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும். இணை சேர்த்த தேதியைக் குறித்து வைக்காத பண்ணையில் கம்பி வலைமேலேயே ஈன்று, விடிவதற்குள் எல்லாம் விறைத்துப் போகும். பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம்; முன்பலகை அரையடியாவது உயரம் இருக்கட்டும். பலகை தாழ்ந்திருந்தால், காம்பைக் கவ்விய குட்டி தாயோடு வெளியே வந்து விழும், திரும்பி ஏறாது. உள்ளே காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுங்கள். மேல்மெத்தைக்குத் தாயே தன் உரோமத்தைப் பிய்த்துக்கொள்ளும்.

ஈன்ற அன்றே பெட்டியைப் பார்த்து, செத்ததையும் ஈரப்புல்லையும் எடுத்துவிட வேண்டும். தாய் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடம்தான் பால் கொடுக்கும். குட்டிகளை ஒதுக்கிவிட்டது என்று பதறித் தாயைப் பிடித்து அமுக்குவதுதான் கெடுதல். குட்டி வயிறு உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது. எட்டுக்கு மேல் பிறந்தால், ஓரிரு நாள் முன்பின் ஈன்ற வேறு தாயிடம் மிச்சத்தைச் சேர்க்கலாம். இதற்காகவே இரண்டு மூன்று பெண் முயல்களை ஒரே நாளில் இணை சேர்ப்பது நல்லது. பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டில் விட்டால் கடிதான் மிஞ்சும்.

மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருப்பதால் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல் இனங்கள் நமக்குப் புதிதல்ல. எங்கே வாங்கினாலும் ஒரே ஈற்று ஆணையும் பெண்ணையும் ஜோடியாக வாங்காதீர்கள். தலைமுறை போகப்போக ஈற்றுக்குக் குட்டி குறையும், எடையும் ஏறாது. தாய், தந்தையின் அடையாள எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். புதிதாக வந்ததை இரண்டு வாரம் தனியே வைத்துக் காதுக்குள் பாருங்கள். பழுப்புப் பொருக்கு இருந்தால் அது சொறி. கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குணமான பிறகே மற்றவற்றோடு சேர்க்கலாம்.

இப்படிக்கு,
முயல் பண்ணையாளர்கள் சிலர்,
பூம்பாறை, கொடைக்கானல்.