‘புளூப்’ ஒலி: விடை கிடைத்த பிறகும் புதிரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடி மர்ம ஒலிகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். 1997இல் தென் பசிபிக் பெருங்கடலில் பதிவான ‘புளூப்’ ஒலிக்கு ராட்சத விலங்கு, இரகசிய நீர்மூழ்கிக் கப்பல், எரிமலை, பனிப்பாறை என்று நான்கு விளக்கங்களை அடுக்கிய கட்டுரையாளர், எது உண்மை என்பது கடலுக்கே வெளிச்சம் என்று முடித்திருக்கிறார். அந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்ததுதான் எனக்கு வருத்தம். அவற்றுள் ஒன்றுக்குச் சான்று இருக்கிறது; மற்றவற்றுக்கு இல்லை.

முதலில் ஒரு திருத்தம். இணையத்தில் பலரும் கேட்டிருக்கும் அந்தத் துணுக்கு, மூலப் பதிவை 16 மடங்கு வேகப்படுத்தியது. உண்மையான ஒலி ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடித்து மெல்ல மெல்ல உயர்ந்த, மனிதக் காதுக்கு எளிதில் எட்டாத தாழ்ந்த உறுமல். வேகத்தைக் கூட்டியதால்தான் ஏதோ ஒரு பெரிய வாய் நீரை விழுங்குவது போன்ற ‘களுக்’ ஓசை பிறந்தது. விலங்கு என்ற எண்ணம் பலர் மனத்தில் வேரூன்றியதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். கட்டுரையில் இந்தச் செய்தி ஒரு வரியாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் பசிபிக்கில் இறக்கியிருந்த ஹைட்ரோபோன்கள் எனப்படும் நீரடி ஒலிவாங்கிகளில், 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தவற்றிலும் இவ்வொலி பதிவானது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருப்பதால், அதில் அகப்படும் தாழ்ந்த ஒலி மேலேயும் கீழேயும் சிதறாமல், வாய்க்காலில் ஓடும் நீரைப் போல நெடுந்தூரம் போகிறது. அப்படியிருந்தும் இத்தனை தொலைவில் இவ்வளவு உரக்கப் பதிவாக வேண்டுமானால், அதை எழுப்பும் விலங்கு நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலத்தையும் விஞ்சியதாக இருந்திருக்க வேண்டும். அத்தகைய ஓர் உயிர் எதைத் தின்று வாழ்கிறது, அதன் உடலோ எலும்போ ஏன் ஒரு முறையும் கரை ஒதுங்கவில்லை என்ற கேள்விகளுக்கு விலங்குக் கட்சியினரிடம் பதில் இல்லை. நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி விரித்துப் பேசத் தேவையில்லை. ஓசைப்படாமல் ஒளிந்திருப்பதே அதன் வேலை.

பனிப்பாறை விளக்கம் ஊகத்தோடு நின்றுவிடவில்லை. அண்டார்க்டிகாவை ஒட்டிய கடலிலும் ஹைட்ரோபோன்களை இறக்கி, பனி பிளக்கும்போது எழும் அதிர்வுகளை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2008இன் தொடக்கத்தில் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு அருகே ஏ53ஏ என்ற பெரும் பனிப்பாறை சிதைந்தபோது எழுந்த ஒலிகளின் நிறமாலைப் படங்கள் (ஒலியின் அதிர்வெண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படங்கள்) புளூப்பின் படத்தைப் பெரிதும் ஒத்திருந்தன. ஒலி பிறந்த இடமாக முதலில் குறிக்கப்பட்ட 50 பாகை தெற்கு அட்சரேகைப் பகுதியில் அவ்வளவு பனி ஏது என்று கேட்கலாம். அது தோராயமான கணிப்பே. அண்டார்க்டிகாவை ஒட்டிய பிரான்ஸ்ஃபீல்டு நீரிணைக்கும் ராஸ் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து அவ்வொலி வந்திருக்கலாம் என்பதே பிந்தைய கருத்து.

உயிரினம் என்ற ஊகத்தை எப்போதும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைக் கேள்விப்பட்டு வளர்ந்த நாம் அப்படிச் சொல்லவும் மாட்டோம். 1960களில் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்தவர்கள் தென்கடலில் வாத்துக் கத்துவது போன்ற ஓர் ஒலியைக் கேட்டுக் குழம்பினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2013இல் அண்டார்க்டிக் மின்கித் திமிங்கிலங்களின் உடலில் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டிப் பார்த்தபோதுதான் அது அவற்றின் குரலே என்பது தெரிந்தது. அங்கே விலங்கு என்ற விடை வென்றது. ஆனால் விலங்கின் உடலிலிருந்தே கிடைத்த பதிவு கையில் இருந்ததால் வென்றது. புளூப்புக்கு அத்தகைய பதிவு எதுவும் கிடையாது.

உண்மையிலேயே விடை தெரியாத ஓர் ஒலி இருக்கிறது. அதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. ‘அப்ஸ்வீப்’ எனப்படும் அது, தாழ்விலிருந்து மேலேறும் சில நொடிக் கூவல்களின் நீண்ட தொடர். 1991 முதல் பதிவாகிவரும் அது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலுக்கிறது; ஆண்டுகள் செல்லச் செல்ல மொத்தத்தில் தணிந்தும் வந்திருக்கிறது. அது வரும் திசையில் கடலடி எரிமலைப் பகுதி ஒன்று இருப்பதால் எரிமலையே காரணம் என்று கருத இடமுண்டு. ஆனால் எரிமலைக்குப் பருவகாலம் ஏன் என்ற கேள்விக்கு இன்னும் நிறைவான பதில் இல்லை. புளூப்புக்கு நான்கு பக்கங்கள் ஒதுக்கிய தங்கள் இதழ், அடுத்த முறை இந்த ஒலிக்கு இரண்டு பக்கங்களாவது ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.