பெயரில்லாத பிள்ளை

தோவாளை
ஆடி 12

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. ஆடிக் காற்று இந்த முறை தொழுவத்து ஓட்டைத் தூக்கிவிட்டது. அதைச் சரிசெய்வதிலேயே நாள் ஓடிவிட்டது. அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைவு. நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஓணம் நெருங்கிவிட்டால் பூச்சந்தையில் எனக்கு நிற்க நேரமிருக்காது, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

அந்த வீடியோ கேமில் வரும் ‘பாரனை என்ன செய்தாய்?’ என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். அதற்குத்தான் இவ்வளவும்.

நீ சொல்லித்தான் ‘தி விட்சர் 3’ ஆட ஆரம்பித்தேன். 2015இல் போலந்துக்காரர்கள் கொண்டுவந்த கேம், கூலிக்குப் பேய் பிசாசை வேட்டையாடுகிற கெரால்ட்டாக நாம் திரிய வேண்டும், அவ்வளவுதான் தெரியும். சந்தை முடிந்து வந்து மதியம் இரண்டு மணி நேரம் ஆடுவேன். வெலன் என்கிற சதுப்புக்காடு வரைக்கும் வாள் சண்டைதான் பிடித்திருந்தது. அந்தப் பகுதியை ஆளுகிற பிரபு, பாரன், வந்த பிறகு சண்டையே மறந்துபோயிற்று.

முதலில் அவன்மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. கெரால்ட் தேடி வந்த வளர்ப்பு மகள் சிரி என்பவளுக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டவன். ‘பெண்டாட்டியையும் மகளையும் காணோம், கண்டுபிடித்துக் கொடு’ என்கிறான். வீட்டுக்குள் தேடினால் கொட்டிய ஒயினின் வாடை, அடிதடி நடந்த தடம். குடித்துவிட்டுப் பெண்டாட்டி அன்னாவை அடித்திருக்கிறான். வயிற்றுப் பிள்ளை போய்விட்டது. பெயர்கூட வைக்காமல் புதைத்த அந்தப் பிள்ளைதான் பேயாக எழுந்து நிற்கிறது.

அதைக் கொல்லலாம், இல்லை பாரனே எடுத்து வாசற்படிக்குக் கீழே அடக்கம் செய்து மகள் என்று ஏற்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். ராத்திரியில் அந்தக் கோரமான சிறு உருவத்தைக் கையில் ஏந்தி அவன் நடக்கிறான். வழியில் அது முறுக்கிக்கொள்ளும்போதெல்லாம் நாம் மந்திரம் போட்டு அமர்த்த வேண்டும். வாசலில் ‘டேயா’ என்று பெயரிட்டு, ‘என் மகள்’ என்கிறான். நான் மௌஸை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மக்கா, எனக்கு உடனே நம் கோயில் கொடைத் திருவிழாதான் ஞாபகம் வந்தது. இசக்கியம்மன் கோயில் இருக்கிற முப்பந்தலுக்கு இவ்வளவு பக்கத்தில் வளர்ந்துவிட்டு வேறு எது ஞாபகம் வரும்? நாம் இரண்டு பேரும் ஓலைப்பாயில் கண் விழித்துக் கேட்ட நீலி கதையை நினைத்துப் பார். நகைக்காக ஒருவன் அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றான். அவள் கள்ளிச்செடியைச் சாட்சி வைத்துச் செத்தாள். மறுபிறப்பில் அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் முன்னால் வந்து நிற்கிறாள். வில்லுப்பாட்டுப் புலவர் வீசுகோலை வில்லில் ஓங்கி அடித்து அந்த இடத்தைப் பாடும்போது பெண்கள் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. அவள் பழி வாங்கியதில் பாவமறியாதவர்களும் செத்தார்கள். அதையும் மறைக்காமல் பாடித்தான் இசக்கியாகிவிட்ட அவளுக்குப் படைப்புப் போடுகிறோம்.

இந்த கேமும் அப்படித்தான். புண்ணியம் இவ்வளவு, பாவம் இவ்வளவு என்று காட்டுகிற மீட்டர் கிடையாது. செய்ததன் பலன் வெகுநேரம் கழித்து, வேறு எங்கோ வந்து நிற்கிறது. மலைக்கடியில் மரத்தின் இதயத்தில் சிறைப்பட்ட ஆவி, ‘விடுவித்தால் அநாதைப் பிள்ளைகளைக் காப்பாற்றுவேன்’ என்றது. பிள்ளைகள் என்றதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை; விடுவித்துவிட்டேன். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் ஒரு ஊரே அழிந்தது, அன்னா செத்தாள். திரும்பி வந்தால் முற்றத்து மரத்தில் பாரன் தூக்கில் தொங்குகிறான். அன்று அந்தியில் சுசீந்திரம் வரை பைக்கில் போய்விட்டு வந்தேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. பாரன் அழுகிறான், தன் பக்கக் கதையைச் சொல்கிறான். போருக்குப் போனது, அவள் வேறொருவனை விரும்பியது, அவனைத் தான் கொன்றது என்று எல்லாம் அவன் வாயாலேயே வருகிறது. கேட்கக் கேட்க அவன்மேல் இரக்கம் வந்துவிடுகிறது. வரட்டும், எழுதியவர்களின் திறமை அது. ஆனால் அடி வாங்கியவள் அன்னா. அவளைப் பார்க்கும்போது பாதிப் புத்தி கலங்கிப்போயிருக்கிறாள். நம் நீலி கொலையுண்டவள். இருந்தும் விடிய விடிய அவள் கதைதான், சபையில் நின்று வழக்காடுகிறவளும் அவள்தான். அந்த ஒரு இடத்தில் நம் வில்லுக்காரர்கள் ஒரு படி மேலே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும்.

நீ அந்த ஆவியைக் கொன்றதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் உன் ஆட்டத்தில் பிள்ளைகள் இல்லை, அன்னா உயிரோடு இருக்கிறாள், பாரன் அவளை அந்தக் கேம் உலகத்து நீலமலைக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போகிறான். புறப்படும்போது அவள் ஏதாவது பேசினாளா? அதை எனக்கு எழுது.

உன்,
பழைய கூட்டாளி