குழி வெட்டச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊர்க்காரர்களுக்கும் உறவுக்காரர்களுக்கும், எங்களை இன்னும் மறக்காத அந்த நாற்பது ஐம்பது ரசிகர்களுக்கும் வணக்கம்.

ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு எங்கள் ஹெவி மெட்டல் குழுவின் பாட்டு வெளிவந்துவிட்டது. போன் செய்தவர்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "ஏன்ப்பா, குழி வெட்டு குழி வெட்டுன்னு கத்துறீங்களே, யாருக்குக் குழி?" என்பதுதான். ஹெவி மெட்டல் என்கிற இந்த இரைச்சலான ராக் இசை என்றால் சுடுகாடும் மண்டையோடும் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. காலேஜ் நாளில் நாங்களே அந்தப் படம் போட்ட பனியனோடு திரிந்தவர்கள்தான். ஆனால் இது தென்னம்பிள்ளை வைக்கிற குழி. மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். பிள்ளைக்குப் பிள்ளை இருபத்தைந்து அடி.

அதனால் முதல் நன்றி பெரியம்மாவுக்கு.

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. காலையில் கதவைத் திறந்தபோது என்னைப் பயமுறுத்தியது விழுந்த மரங்கள் இல்லை, வெளிச்சம். நான் பிறந்ததிலிருந்து அந்த வாசலில் அவ்வளவு வெளிச்சம் விழுந்ததே இல்லை. பெரியப்பா தோப்பில் இறங்கி மரங்களை எண்ண ஆரம்பித்தார். கணக்கெடுக்க வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்றுதான் எண்ணினார். ஆனால் எண்ணி முடித்தவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மூன்றாம் நாளும் எண்ணினார். கரண்டு இல்லை, செல்லில் சார்ஜ் இல்லை, அவர் குரல் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நாலாம் நாள் பெரியம்மா மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டு, "எண்ணுனது போதும். குழி வெட்டு" என்றார். பாட்டு அவ்வளவுதான். மீதியெல்லாம் டிஸ்டார்ஷன், அதாவது கிடாரின் கரகரச் சத்தம்.

அடுத்த நன்றியைச் சொல்ல என் விரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தும்போது மெஷின் நழுவி, என் இடது கை மோதிர விரலின் நுனி போய்விட்டது. கிடாரில் கம்பியை அழுத்துகிற கை. அதே சமயம் ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி கடனை அடைக்கச் சிங்கப்பூர் போய்விட்டான். பேஸ் கிடார் வாசிப்பவன் மன்னார்குடியில் செல்போன் கடை வைத்தான். குழு கலைந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை, கூடுவதற்கு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் எல்லாரும் எனக்கு டோனி அயோமி கதையைச் சொன்னார்கள். பிளாக் சப்பாத் என்கிற இங்கிலாந்து மெட்டல் குழுவின் கிடார்க்காரர். அங்கே பர்மிங்காம் நகரத்தில் ஒரு தகரப் பட்டறையில் வேலை பார்த்தபோது, பதினேழு வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தவர். மெட்டல் கேட்கிற எவனுக்கும் இது மனப்பாடம். உண்மையைச் சொன்னால், அந்தக் கதையைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவர் டோனி அயோமி. நான் தேங்காய் வியாபாரி.

ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது தவில்கார அண்ணன் என் கையைப் பார்த்தார். கதை எதுவும் சொல்லவில்லை. தன் வலது கை விரலிலிருந்து ஒரு கூட்டைக் கழற்றி என் விரலில் மாட்டிப் பார்த்து, "பெருசா இருக்கு. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வா" என்றார். துணிக்கீற்றைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றி, காயவைத்து இறுக்கிய கூடு. கிட்டத்தட்ட அறுபது வருஷத்துக்கு முன்னால் பர்மிங்காமில் ஒருத்தர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த சாமான், இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு தவில்காரர் பையிலும் கிடக்கிறது! முதல் கூடு கம்பியில் வழுக்கியது. இரண்டாவது நெகிழ்ந்துவிட்டது. மூன்றாவதின் நுனியில், தவிலுக்குத் தோல் மூட்டியபோது மிஞ்சிய துண்டை ஒட்டிக் கொடுத்தார். இப்போதும் அதைத்தான் மாட்டி வாசிக்கிறேன். காசு கொடுத்தபோது, "லெஃப்ட்டு கையில கூடு போடுற ஆளை இப்பத்தாண்டா பார்க்குறேன்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கம்பியின் இறுக்கம் விரலுக்குத் தாங்காததால் சுதியை மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினேன். அயோமியும் கம்பியைத் தளர்த்தித்தான் வாசித்தார். அந்த இருட்டுச் சத்தம் அப்படித்தான் வந்தது. சரி, இதில் மட்டும் அவர் கதை உதவியது.

தம்பி 2024-ல் ஊர் திரும்பினான். நானும் அவனும் பாட்டை நாலு நாலாகத்தான் போட்டிருந்தோம். ஏதோ குறைந்தது. தவில்கார அண்ணன் கேட்டுவிட்டு, "குழி மூணுக்கு மூணுக்கு மூணுன்னு பாடுறீங்க, நடை ஏன் நாலுல போவுது?" என்றார். அன்றைக்குத்தான் திஸ்ரம், அதாவது மூன்று மூன்றாகப் போகிற நடை, வந்தது. ட்ரம்ஸும் தவிலும் தகிட தகிட என்று போக, கிடார் மட்டும் நாலு நாலாகத் தகதிமியிலேயே நிற்கும். பன்னிரண்டு அட்சரத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒரே இடத்தில் விழும். அங்கேதான் "குழி வெட்டு".

மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் அண்ணனுக்கு ஓய்வு. ஒலிப்பதிவை அப்போது வைத்துக்கொண்டோம். இடம் கொடுத்தவர் நார் மில் மாமா. பகலில் மில் ஓடும், ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்களுக்கு. நார்க்கட்டுகளைச் சுற்றிலும் ஆளுயரத்துக்கு அடுக்கி நடுவில் ட்ரம்ஸை வைத்தோம். பட்டணத்து ஸ்டூடியோவில் பஞ்சும் பலகையும் வைத்து எதிரொலியை அடக்குவார்களே, அந்த வேலையை எங்கள் தேங்காய் நார் செய்தது. தூசுதான் தாங்கவில்லை. இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் ஒரு தும்மல் கேட்கும். அது பேஸ்காரன். எடுத்துவிடலாம் என்றார்கள், நான்தான் விடவில்லை. கிடாரின் ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகி வைத்தும் தவிலிடம் தோற்றோம் என்பதையும் இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் அண்ணனை மில்லுக்கு வெளியே, லாரி நிற்கிற இடத்தில் உட்காரவைத்துத்தான் பதிவு செய்தோம். நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஆரம்பித்துவிடும். அதற்குள் மூட்டை கட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு நன்றி. முதல் ராத்திரி எங்கள் பாடகன் அடித்தொண்டையில் உறுமியதைக் கேட்டு, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று டார்ச்சோடு ஓடி வந்தார். மறுநாளிலிருந்து அவனுக்கு மட்டும் சுக்குக் காப்பி. லைன்மேன் அண்ணனுக்கும், மிக்சிங் செய்துவிட்டுப் பாதிப் பணம்தான் வாங்கிய நண்பருக்கும், பேட்டரி வண்டி தந்த மச்சானுக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் வீட்டுக்கு வந்து திட்டலாம்.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டிப் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாயில் இறங்கி, கடைமடையான எங்களிடம் வந்து சேரும்போது எத்தனையோ நாள் கடந்திருக்கும். 1970-ல் பர்மிங்காமின் பிளாக் சப்பாத் திறந்துவிட்ட இசை 2009-ல் ஒரு எம்பி3 சிடியாக எங்களிடம் வந்தது. எங்கள் பாட்டும் போய்ச் சேருகிற இடத்துக்கு மெதுவாகவே போகட்டும்.

பெரியம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினோம். பாதியிலேயே, "சத்தத்தைக் கம்மி பண்ணு" என்று எழுந்து, எங்களையும் வரச் சொல்லிவிட்டுத் தோப்புக்குப் போய்விட்டார். 2019-ல் வைத்த பிள்ளைகளில் கிணற்றோரத்து மரம் இந்த வருஷம்தான் முதல் பாளை விட்டிருக்கிறது. அதைக் காட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார், நாங்கள் நாலு பேரும் பாட்டைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினோம்.

மாமா, உங்கள் நார்க்கட்டில் இரண்டு இன்னும் எங்களிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து போட்டுவிடுகிறோம்.