மனக் குறிப்பேட்டுத் திட்டம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குடியாத்தம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும், யாரும் திருத்தாத, மதிப்பெண் போடாத, மனத்தில் இருப்பதை எழுதவும் வரையவும் முழுக்க அந்தக் குழந்தைக்கே சொந்தமான ஒரு குறிப்பேட்டை வரும் ஜூன் மாதம் முதல் வழங்குவதெனப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானித்துள்ளது. இச்செலவில் ஊர்ப் பெரியோர்களும், முன்னாள் மாணவர்களும், வெளியூரில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் மாணவர்களின் பெற்றோர் தீப்பெட்டித் தொழிலிலும் தறியிலும் பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள். வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றும் தாய்மார்களும் உண்டு. தந்தை கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்றுவிட, பாட்டியிடம் வளரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். மனத்தில் துயரம் இருக்கிறது என்று ஏழு வயதுக் குழந்தை சொல்லிக்கொண்டு வராது. வயிறு வலிக்கிறது என்னும், பள்ளிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும், பக்கத்திலிருப்பவரை அடிக்கும், அல்லது பேச்சையே குறைத்துக்கொள்ளும். பெரியவர்களாகிய நாம் அதைத் திமிர் என்றோ சோம்பல் என்றோ எளிதில் சொல்லிவிடுகிறோம்.

வாரத்தில் இரண்டு நாள், காலை வழிபாடு முடிந்தவுடன் பதினைந்து நிமிடம் இந்தக் குறிப்பேட்டுக்கு ஒதுக்கப்படும். முதல் இரண்டு வகுப்பினர் படம் வரைவார்கள். மூன்றாம் வகுப்பு முதல் எழுதலாம், வரையவும் செய்யலாம். எழுத்துப் பிழை பார்க்கப்படாது. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொற்களையே கலந்து எழுதலாம். எழுத ஒன்றுமில்லை என்று மட்டும் எழுதிவிட்டு மூடிவைத்தாலும் போதும். அரசு விலையில்லாமல் தரும் நோட்டுகள் பாடத்துக்கானவை, ஆசிரியர் கையெழுத்துக்கு உரியவை என்பதால், இதற்குத் தனி ஏடு தேவை என்று கருதினோம்.

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் விவாதிக்கப்பட்டது, இதை யார் படிப்பது என்பதைத்தான். குழந்தை தானாகக் காட்டினாலன்றி ஆசிரியரோ பெற்றோரோ ஏட்டைத் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஏடுகள் பூட்டுள்ள அலமாரியில் இருக்கும். ஆயினும், தன்னை யாரோ துன்புறுத்துவதாகக் குழந்தை காட்டினால் அதை இரகசியமாக வைத்துக்கொள்ள ஆசிரியருக்கு உரிமையில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய குற்றத்தைத் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. இந்த வரம்பை ஏடு கொடுக்கும் நாளிலேயே குழந்தைகளுக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். பின்னால் தெரிந்தால் ஏமாற்றிவிட்டதாகவே அவர்கள் நினைப்பார்கள்.

மனத்தை அழுத்தும் நிகழ்வுகளை எழுதுவது நலம் தருமா என்று அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. அதன்பின் இத்துறையில் நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. பெரியவர்களிடம் கண்ட பயன் சிறு குழந்தைகளிடமும் அப்படியே கிடைக்கும் என்று நாங்கள் வாக்களிக்கவில்லை. தன் கோபத்துக்கும் பயத்துக்கும் பெயர் சொல்லப் பழகுவதே இந்த வயதில் பெரிய உதவி என்று நம்புகிறோம். இது மருத்துவத்துக்கு மாற்று அன்று. கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தையின் குடும்பத்துக்கு, வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. (கிறித்துவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தையும் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் ஆசிரியர்கள் எடுத்துச் சொல்வார்கள்.

ஒரு குழந்தைக்கு ஓராண்டுக்கு 250 ரூபாய் கேட்கிறோம். இரண்டு குறிப்பேடுகள், வண்ணப் பென்சில்கள், அலமாரி, ஆசிரியர்களுக்கான ஒரு நாள் பயிற்சி எல்லாம் இதில் அடங்கும். வசதிக்கேற்ப ஒரு குழந்தையையோ ஒரு வகுப்பையோ ஏற்றுக்கொள்ளலாம். பழைய டைரிகளைத் தர முன்வரும் அன்பர்களுக்கு நன்றி. தேதி அச்சிட்ட பக்கம் வெறுமையாக இருந்தால் தவறு செய்துவிட்டோமோ என்று குழந்தை அஞ்சும் என்பதால் அவற்றைத் தவிர்க்கிறோம்.

நன்கொடையைப் பள்ளி அலுவல் நேரத்தில் தலைமையாசிரியரிடமோ குழுத் தலைவரிடமோ மே மாதம் 31ஆம் தேதிக்குள் அளித்து, இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு விவரம் ஒவ்வொரு பருவ முடிவிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். எந்தக் குழந்தையின் ஏட்டுப் பக்கமும் நன்றிக் கடிதத்துக்காகவோ விளம்பரத்துக்காகவோ வெளியே காட்டப்படாது என்பதையும் நன்கொடையாளர்களுக்கு இப்போதே தெரிவித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவினர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.