சிவப்பு மருந்து ஏறும் கால் மணி நேரம்

அன்புள்ள கண்ணம்மா,

புற்றுநோய் மருந்து ஏற்றும் கீமோ டே-கேர் வார்டில் உன்னை நர்ஸ் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நேற்று நீ சொன்னபோது, "சரி, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உனக்குச் சப்பென்று ஆகியிருக்கும். சொல்ல நிறைய இருந்தது, போனில் வராது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். 2020-ல் நீ பக்கத்தில் இல்லாததற்கு இனிமேல் மன்னிப்புக் கேட்காதே. மார்ச் 11-ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்தபோது எனக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். அக்குளுக்குக் கீழே தொங்கிய, நீர் வடிக்கும் ட்ரெய்ன் குழாயைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு உன்னை விடு, கீழே காரில் உட்கார்ந்திருந்த உன் அப்பாவாலேயே மேலே வர முடியவில்லை. அந்த ஒரு வருஷத்தில் உலகம் முழுக்கச் சுமார் 23 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாம். அவர்களில் எத்தனை பேர் என்னைப் போல ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாகப் படி ஏறினார்களோ.

நீ படிக்கும்போது ஒரு பாடம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? கேத்தரின் கோல்கபா என்கிற அமெரிக்க நர்ஸ் நோயாளியின் சௌகரியத்தை மூன்றாகப் பிரித்தார் என்று: வலி தணிவது, நிம்மதியாக இருப்பது, கஷ்டத்தைத் தாண்டி எழுந்து நிற்பது. அது உடம்பு, மனசு, சுற்றியிருக்கும் மனுஷர்கள், இருக்கிற இடம் என்று நாலு பக்கத்திலும் பார்க்க வேண்டியது என்றும் சொன்னாய். பரீட்சைக்குக் கட்டம் போட்டு எழுத வசதி. எனக்கு அது கட்டம் கட்டமாக வரவில்லை. ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரு சிஸ்டர், நான் கேட்காமலே, போர்வையை என் கால்விரல் மூடும்படி இழுத்துவிட்டுப் போனார். குளிர் போனது. இத்தனை கெடுபிடியிலும் என் கால் வெளியே கிடப்பது ஒருத்தர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று தொண்டை அடைத்தது. இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

இப்போது சிவப்பு மருந்துக்கு வருகிறேன். டாக்சோரூபிசின் என்பாய் நீ. வார்டில் எல்லோருக்கும் அது சிவப்பு மருந்துதான். 21 நாளைக்கு ஒரு முறை, மொத்தம் நாலு. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்த மாதிரி புண்ணாகிவிடும் என்பதால், அதை மாட்டிவிட்டுப் போய்விட மாட்டார்கள். சிஸ்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓடுகிற சலைன் குழாயில் சிரிஞ்சைச் செருகிக் கையாலேயே ஏற்றுவார். கொஞ்சம் தள்ளுவார், நிறுத்துவார், ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார், "எரியுதாம்மா?" என்பார். வாயில் ஐஸ் துண்டு கரைந்துகொண்டிருக்கும், நான் தலையை மட்டும் ஆட்டுவேன். ஒரு கால் மணி நேரம் ஆகும்.

அந்த மருந்து என்றாலே எல்லோருக்கும் நடுக்கம். மூத்திரம் சிவப்பாகப் போகும், முடி கொட்டும், எனக்கு மூன்று நாள் வாந்தி. ஆனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன், அந்தக் கால் மணி நேரத்துக்காக நான் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் எல்லாம் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டியிருந்த காலம். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்தில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தது அப்போது மட்டும்தான். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் ஷீல்டு, கண் மட்டும்தான் தெரியும். பேசுவது பாதி காதில் விழாது. இத்தனை வருஷமாக மற்றவர்கள் பேசுவதை நான் பாதி உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் நெஞ்சில் பிளாஸ்டர் ஒட்டி மார்க்கரில் பெயர் எழுதியிருப்பார். பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிரித்த முகம், வாய் கொஞ்சம் கோணல்.

அவர்தான் ஒரு நாள் அதே பிளாஸ்டரில் இன்னொரு துண்டு கிழித்து என் கையில் ஒட்டினார். 'இந்தக் கை வேண்டாம்' என்று எழுதி. ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி ஸ்டாஃபைக் கொரோனா வார்டுக்கு எடுத்துக்கொண்டதில் தினம் ஒரு புது முகம். முகம் என்ன, புதுக் கண்! அந்தத் துண்டு ஒட்டிய பிறகு நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. களைத்துக் கிடக்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய ஓய்வு தெரியுமா?

அடுத்த கீமோ மருந்து பாக்லிடாக்சல், வாரா வாரம், 12 முறை. முதல் தடவை அலர்ஜி வருகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். பழகிய பிறகு பம்பில் மாட்டினால் அதுபாட்டுக்கு ஓடும். உடம்புக்கு இது லேசு. எனக்கு என்னவோ இதுதான் நீளமாக இருந்தது. இதில் ஒரு கூத்து வேறு. மூக்குக்குள் இருக்கும் முடியும் கொட்டிவிடுமாம், யாரும் சொல்லவில்லை. மூக்கு தண்ணியாக ஒழுகும். கொரோனா காலத்தில், வாசலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் முன்னால் மூக்கை உறிஞ்சிப் பார், தெரியும். கடைசியில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தது 15 நாளில் முடிந்தது. 5 நாளிலேயே முடிக்கலாம் என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு அந்த வருஷம்தான் வெளிவந்தது என்றார் டாக்டர். எனக்கு அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்து வைக்க வேண்டியிருந்ததால் அது கிடைக்கவில்லை.

அந்த முடிச்சு விஷயத்தில் ஒரு கோபம் இன்னும் போகவில்லை. ஆபரேஷனில் எடுத்ததைச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை நடைபாதையில் நிற்க வைத்துச் சொன்னார்கள். "அக்குளில் இரண்டு முடிச்சில் இருக்கு." உன் அப்பா கீழே காரில் இருக்கிறார், போனை ஸ்பீக்கரில் போடட்டுமா என்று கேட்டேன். வரிசை நிற்கிறது, நேரமில்லை என்றார் அந்த டாக்டர். பொல்லாதவர் இல்லை, தூக்கம் இல்லாமல் கண் செக்கச் சிவந்திருந்தது. இருந்தாலும் ஒரு பட்டனை அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்? படி இறங்கி வருவதற்குள் டாக்டர் சொன்னதில் பாதி மறந்துவிட்டது. உன் அப்பாவிடம் அரைகுறையாகச் சொன்னேன், அவர் அதற்கு மேல் பயந்துபோனார். நீ யாரிடமாவது ரிப்போர்ட் பற்றிப் பேச வேண்டி வந்தால், முதலில் அவர்கள் போனை எடுக்கச் சொல்.

அப்புறம், உன் வீடியோ கால். கோபித்துக்கொள்ளாதே. நீ கூப்பிடும் நேரம் நெருங்கினால் எனக்கு வேலை வந்துவிடும். எழுந்து உட்கார்ந்து, தலையில் துணியைச் சரிசெய்து, சிரித்துப் பழகி வைத்துக்கொள்வேன். "வாந்தி நின்னுடுச்சும்மா" என்று நான் சொன்னதெல்லாம் பொய். பேசி முடித்ததும் அப்படியே சரிந்து விடுவேன்.

மூன்றாவது சிவப்பு மருந்து முடிந்த ராத்திரி, நீ சாதாரண கால்தான் போட்டாய். பேசி முடித்துவிட்டுக் கட் பண்ண மறந்துவிட்டாய். நானும் பண்ணவில்லை. போனைத் தலையணையில் காதோரம் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். நீ தட்டுக் கழுவினாய். நாற்காலியை இழுத்தாய். மருந்துப் பெயர்களை வாய்விட்டுப் படித்தாய், ஒரே பெயரை மூன்று தடவை தப்பாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாய். நான் முகத்தைத் தயார் பண்ண வேண்டியிருக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு விடிய விடியத் தூங்கியது அன்றைக்குத்தான். காலையில் பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது.

திங்கட்கிழமை முதல் டூட்டி என்றாய். போனதும், அந்த வார்டில் நகர்த்திப் போட்டுக்கொள்கிற மாதிரி ஸ்டூல் இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா