512 மைக்ரானில் மிச்சம் எவ்வளவு?

அன்புள்ள அம்முவுக்கு,

கண்ணாடியைக் கழற்றுவதற்கான லேசிக் லேசர் சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். வேண்டாம் என்று தடுக்க இதை எழுதவில்லை. லேசிக் செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள். அதை மறைத்து உன்னைப் பயமுறுத்த மனம் வரவில்லை. ஆனால் நீ அனுப்பிய ரிப்போர்ட்டில் பவர் மைனஸ் 6, கருவிழித் தடிமன் 512 மைக்ரான் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. இந்த இரண்டிலிருந்து பிறக்கும் மூன்றாவது எண் ஒன்று உண்டு. அதை நீயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போய்ப் படு.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் படலத்தை, கார்னியாவை. அதன் தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூட. உன்னுடைய 512 குறைபாடு இல்லை. கையிருப்பு சற்றுக் குறைவு, அவ்வளவுதான். லேசிக்கில் முதலில் மேற்புறத்தில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டி, ஒரு ஓரத்தை மட்டும் ஒட்டியபடி விட்டு, புத்தக அட்டையைத் திறப்பதுபோலத் திறப்பார்கள். ஃபெம்டோ லேசரால் வெட்டினால் மூடி 100 முதல் 120 மைக்ரான் இருக்கும். பிளேடு கருவி என்றால் இன்னும் தடிமனாகப் போகலாம். நினைத்த அளவுக்கும் வெட்டிய அளவுக்கும் வித்தியாசமும் கூடுதலாக வரும். உனக்கு 110 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடியில் எக்சைமர் லேசர் செதுக்குகிறது. எவ்வளவு என்பதற்கு எளிய வாய்பாடு இருக்கிறது: செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் வகு. ஒரு பவருக்கு இத்தனை மைக்ரான் என்று வந்துவிடும். 6.5 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 14. உன் 6 பவருக்கு ஏறக்குறைய 85.

512-இல் 110 போய், 85 போய், மிச்சம் 317.

திரும்ப மூடிவைத்த மூடி இருக்கிறதே என்று கேட்பாய். அது பார்வைக்கு உதவும், பாரம் தாங்காது. ஓரத்தில் மட்டும்தான் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. நடுவில் பழைய இறுக்கம் திரும்புவதே இல்லை. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை இனி வாழ்நாள் முழுவதும் தாங்கப்போவது அந்த 317 மைக்ரான்தான். 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய எல்லை. 300-க்குக் கீழே தொடமாட்டேன் என்பவர்கள் இப்போது நிறைய. நீ தேறுகிறாய், 17 மைக்ரான் வித்தியாசத்தில். இன்னொரு அளவுகோல், வெட்டியதும் செதுக்கியதும் சேர்ந்து மொத்தத் தடிமனில் எத்தனை சதவீதம் என்பது. 40-ஐத் தொட்டால் எச்சரிக்கை. உனக்கு 195-ஐ 512-ஆல் வகுத்தால் 38. ஆனால் சில மெஷின்கள் பவருக்கு 16 மைக்ரான்கூட எடுக்கும். அப்போது அதே கணக்கு 40-ஐத் தாண்டிவிடும். அதனால் வாய்பாட்டை நம்பிச் சும்மா இருக்காதே. உன் கண்ணுக்குத் திட்டமிட்ட செதுக்கல் ஆழம் மெஷினிலேயே அச்சாகி வரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கு.

எல்லை தாண்டினால் என்ன ஆகும்? பலமிழந்த கருவிழி மெல்ல மெல்ல முன்பக்கம் புடைக்க ஆரம்பிக்கும். எக்டேசியா என்பார்கள். சில மாதங்களிலும் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும், எழுத்து நிழலடிக்கும், சாதாரணக் கண்ணாடி உதவாது. ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை உண்டு. அது மேலும் புடைக்காமல் நிறுத்தப் பார்க்கும், போன பார்வையை மீட்காது. அதன்பின் பெரிய கடின லென்ஸ்தான் கதி. மிகச் சிலருக்கே வருவது என்றாலும், கண்ணாடியைக் கழற்றப் போன இடத்தில் கண்ணாடியாலும் சரியாகாத பார்வை வாங்கி வருவது என்பது சின்ன விஷயமா, சொல்.

இதில் தடிமனைவிட முக்கியம் கருவிழியின் வடிவம். லேசாகக் கூம்பும் தன்மை சிலருக்கு ஒளிந்திருக்கும். கண்ணாடி போட்டால் 6/6 படிப்பார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. அதைக் கண்டுபிடிப்பது டோபோகிராஃபி அல்லது பென்டகாம் வரைபடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமாக வரும். வண்ணத்தைப் பார்த்து நிம்மதியும் வேண்டாம், கலக்கமும் வேண்டாம். அளவுகோலை மாற்றினால் அதே கண் பச்சையாகவும் தெரியும், சிவப்பாகவும் தெரியும். எண்ணைப் பார். வளைவு 47 பவருக்கு மேலே இருந்தாலோ, கீழ்ப்பாதி மேல்பாதியைவிட 1.4 பவருக்கு மேல் செங்குத்தாக இருந்தாலோ, ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் ஒத்துப்போகாவிட்டாலோ நின்று யோசிக்க வேண்டும். பின்புறப் பரப்பின் படமும் வேண்டும். கூம்புதல் பலருக்கு அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

தூங்கி எழுந்ததும் முஷ்டியால் கண்ணைக் கசக்கும் பழக்கம் உனக்கு இன்னும் போகவில்லை என்றால் டாக்டரிடம் மறைக்காமல் சொல். கசக்கல் கருவிழியின் பலத்தைக் கெடுக்கும், ஒதுக்கிவிடும் பழக்கம் அல்ல. அலர்ஜி அரிப்பு இருந்தால் முதலில் அதை அடக்கிவிட்டுத்தான் லேசர்.

இன்னொன்று. நீ நாள் முழுக்க கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாய். லென்ஸ் கருவிழியை அழுத்தி அதன் வடிவத்தை மாற்றி வைத்திருக்கும். முந்தின நாள் வரை போட்டுவிட்டுப் போய் அளந்தால் பவரும் பொய், படமும் பொய். சாஃப்ட் லென்ஸை இரண்டு வாரம், சிலிண்டர் லென்ஸையோ கடின லென்ஸையோ மூன்று நான்கு வாரம் கழற்றி வைத்துவிட்டுப் போ. உன் ரிப்போர்ட் எடுத்த அன்று எத்தனை நாள் இடைவெளி விட்டிருந்தாய்? கடந்த ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் மாறியிருந்தால், எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் காத்திரு. முகப்பருவுக்கு ஐசோட்ரெடினோயின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லிவிடு.

அடுத்து, அதிகம் பேருக்கு வரும் தொந்தரவு. எக்டேசியா அரிது, கண் உலர்வு அரிதல்ல. மூடி வெட்டும்போது கருவிழிக்குள் ஓடும் நுண்நரம்புகளும் அறுபடும். 'கண் காய்கிறது, கண்ணீர் விடு' என்று சேதி அனுப்புவது அந்த நரம்புகள்தான். அவை அறுந்ததும் கண் சிமிட்டுவது குறையும், கண்ணீர் குறையும். நரம்பு மறுபடி வளர ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சில சமயம் அதற்கும் மேல். அதுவரை மணல் உறுத்துவதுபோல் இருக்கும், பார்வை மங்கும், சிமிட்டினால் தெளியும். பெரும்பாலும் சரியாகிவிடும். ஏற்கெனவே காய்ந்த கண்ணோடு போகிறவர்களுக்குத்தான் நாள்பட நிற்கும். மிக அபூர்வமாக, அறுந்த நரம்பு தாறுமாறாக வளர்ந்து, கண் பார்க்க நன்றாக இருந்தும் எரிச்சலும் வலியும் விடாத நிலை வருவதும் உண்டு. அதற்கு உறுதியான மருந்து இல்லை.

நீ திரை முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. சிமிட்டுவதே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதனால் ஷர்மர் சோதனை கேள். கீழ் இமைக்குள் காகிதப் பட்டை ஒன்றைச் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். மஞ்சள் சாயம் விட்டு நீல ஒளியில் பார்க்கும்போது, சிமிட்டாமல் இருந்தால் கண்ணீர்ப் படலம் 10 விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் முதலில் உலர்வுக்கு மருந்து, பிறகு பார்க்கலாம்.

இரவுப் பார்வை. வெளிச்சமான அறையில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைப் படித்து 6/6 வாங்குவது ஒரு திறமை. மழை இரவில் எதிரே வரும் விளக்கைத் தாண்டிச் சாலையைப் பார்ப்பது வேறு திறமை. இருட்டில் கண்பாப்பா 7 மில்லிமீட்டர் வரை விரிந்தால், 6.5 வட்டத்துக்கு வெளியே உள்ள செதுக்காத ஓரத்தின் வழியாகவும் ஒளி நுழையும். விளக்கைச் சுற்றி வளையம், நட்சத்திரக் கதிர், மங்கல். பவர் அதிகமானால் இதுவும் அதிகம். வட்டத்தைப் பெரிதாக்கினால் குறையும்தான், ஆனால் மேலே போட்ட கணக்கில் மைக்ரான் எகிறும். 7 மில்லிமீட்டருக்கு அதே வாய்பாட்டைப் போட்டுப் பார், புரியும். மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ ஈடுபட்ட, 2017-இல் வெளியான ஆய்வில், முன்பு இத்தகைய தொந்தரவே இல்லாதவர்களில் 43 முதல் 46 சதவீதம் பேர் மூன்றாவது மாதத்தில் ஏதோ ஒரு புதிய தொந்தரவைச் சொன்னார்கள். அன்றாட வேலைக்கே பெரிய இடைஞ்சல் என்று சொன்னவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. இரண்டு எண்ணையும் சேர்த்தே மனதில் வை. விளம்பரம் ஒன்றைத்தான் சொல்லும், பயமுறுத்துகிறவர்கள் மற்றதை மட்டும் சொல்வார்கள்.

சிகிச்சை நாளே அதிகக் கஷ்டம் தராது. கண்ணை அசையாமல் பிடிக்கும் உறிஞ்சு வளையம் வைக்கும்போது சில விநாடி கண் இருண்டுபோகும். லேசர் ஓடும்போது முடி கருகும் வாடை வரும்; எதுவும் எரியவில்லை, பயப்படாதே. மறுநாள் பரிசோதனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தவறவிடாதே. மூடியில் சுருக்கம் விழுந்திருந்தால் உடனே நீவிச் சரிசெய்யலாம், நாள் போனால் மடிப்பு நிலைத்துவிடும். மூடிக்கு அடியில் கிருமியில்லாத அழற்சி வந்தாலும் அந்த முதல் சில நாளில்தான். நேரத்தோடு பிடித்தால் ஸ்டீராய்டு சொட்டில் அடங்கும். வலி கூடினாலோ பார்வை முந்தின நாளைவிட மங்கினாலோ காலை வரை காத்திருக்காதே. பல வருடம் கழித்தும் முகத்தில் பலமான முழங்கை இடி பட்டால் மூடி விலகக்கூடும். விடுமுறையானால் கூடைப்பந்து ஆடப் போகிறவள் நீ, இதையும் யோசி.

மூடி வெட்டாத பி.ஆர்.கே. முறையும் இருக்கிறது. உன் கணக்கில் அந்த 110 மைக்ரானில், பாரம் தாங்காத மேல்தோல் சுமார் 50 போக, 60 அளவுக்கு மிஞ்சும். பதிலுக்கு மூன்று நான்கு நாள் நல்ல வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு, உன் போன்ற அதிகப் பவரில் தழும்பு மங்கல் வர வாய்ப்பு. அதைத் தடுக்க மைட்டோமைசின் என்ற மருந்தைத் தடவுவார்கள். ஸ்மைல் முறையில் மூடி இல்லை, கருவிழிக்குள்ளேயே லேசரால் ஒரு மெல்லிய வில்லையை அறுத்து வெளியே எடுப்பார்கள். வெட்டு சின்னது, உலர்வும் குறைவு என்பார்கள். பவர் மிச்சம் நின்றால் மறுமுறை செய்வது சிரமம். கருவிழியைத் தொடாமல் உள்ளே லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். இன்னொரு வழி, அதற்குக் கண்ணுக்குள் இடம் போதுமா என்று தனியாக அளக்க வேண்டும், கண்ணைத் திறந்து செய்வதற்குரிய ஆபத்துகள் அதில் வேறு.

நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும், லேசர் அதை நிறுத்தாது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் படித்துக்கொள்வார்கள்; அந்த வசதியை நீ இப்போதே கொடுத்துவிடுகிறாய். உன் கண் நீளமான கண், கருவிழியைச் செதுக்கினாலும் அதன் நீளம் குறையாது. விழித்திரை கிழியும் ஆபத்து அப்படியே இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் சோதனையில் பிடிபடாமல் போய்விடலாம். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது பவர் கணக்கும் தடுமாறும். சிகிச்சைக்கு முந்தைய வளைவு, பவர், தடிமன் மூன்றும் கையில் இருந்தால் இந்தக் கணக்குகள் எல்லாம் எளிதாகும். அதனால் எல்லா ரிப்போர்ட்டிலும் ஒரு பிரதி வாங்கி உன்னிடம் பத்திரமாக வை.

இன்றிரவே லென்ஸைக் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள். இரண்டு வாரம் கழித்து, சிலிண்டர் லென்ஸோ கடின லென்ஸோ என்றால் நான்கு வாரம் கழித்து மறுபடி அளக்கச் சொல், தேதி தள்ளிப்போனால் போகட்டும். இரண்டு கண்ணின் வரைபடத்தையும், மெஷின் அச்சிட்ட செதுக்கல் ஆழத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்பு. பின்புறப் பரப்பின் படம் விட்டுப்போகக் கூடாது.

அன்புடன்,
அம்மா